மூலம்: முக்காமல் போகும் வழி

பேருந்து நிலையச் சுவர், மின்கம்பம், பொதுக் கழிப்பிடத்தின் கதவு. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். சர்க்கரை நோய் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்கிறோம், நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கிறோம். மூலம் வந்தால் வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லாமல் அந்த நோட்டீஸில் உள்ள நம்பரைக் குறித்துக்கொள்கிறோம்.

இந்த அத்தியாயத்தில் உணவும் வரும், மருந்தும் வரும். ஆனால் அதிக இடம் பிடிக்கப்போவது கழிப்பறையில் நாம் செலவிடும் நேரமும் அங்கே உட்காரும் விதமும்தான். பத்தியம் பற்றி ஊரில் எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். 'முக்காதே' என்று சொல்லத்தான் ஆளில்லை.

எல்லோருக்கும் இருக்கும் திண்டுகள்

ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக் குழாய்களும் மெல்லிய தசை இழைகளும் சேர்ந்த மூன்று திண்டுகள் உங்களுக்கும் இருக்கின்றன, எனக்கும் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கும் உண்டு. மல்லாந்து படுத்தவரின் ஆசனவாயைக் கடிகார முகப்பாக வைத்துக்கொண்டால் அவை 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அமைந்திருக்கும். அறுவை சிகிச்சை நிபுணர்கள் இன்றும் நோயாளியின் குறிப்பில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தத் திண்டுகள் ரத்தத்தால் லேசாக உப்பி, தண்ணீர்க் குழாயின் ரப்பர் வாஷர் போல மிச்சமிருக்கும் இடுக்கை அடைக்கின்றன. சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடி வைத்திருக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை இவற்றின் பங்கு. காற்று பிரிகிறதா, மலம் வருகிறதா என்று நமக்குத் தெரிவதிலும் இந்தப் பகுதிக்கு வேலை உண்டு.

ஆகவே மூலம் என்பது புதிதாக எதுவும் முளைப்பதல்ல. திண்டுகளைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் இழைகள் வருடக்கணக்கில் இழுபட்டுத் தளர்கின்றன. திண்டு வீங்குகிறது, கீழே சரிகிறது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போன்ற ரத்தக்குழாய் வீக்கம்தான் மூலம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1975-இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் திண்டுகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய பிறகு அந்தக் கருத்து பின்னுக்குப் போனது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. தளர்ச்சிதான் நோய் என்றால், எது இழுக்கிறதோ அதை நிறுத்துவதுதான் தடுப்பு.

ஆசனவாய்க்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே வலி தெரியாது. கீழே இருப்பது சாதாரணத் தோல், ஊசி குத்தினால்கூடத் துடிக்க வைக்கும். கோட்டுக்கு மேலே வருவது உள்மூலம். அதனால்தான் உள்மூலத்தில் வலி இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டும். சிலருக்குக் கழிப்பறைப் பீங்கானில் பீய்ச்சியும் அடிக்கும். கோட்டுக்குக் கீழே வருவது வெளிமூலம். அங்கே ரத்தம் உறைந்துவிட்டால் ஒரே இரவில் நீலம் பாரித்த கட்டி ஒன்று தோன்றி, உட்கார முடியாமல் செய்துவிடும்.

உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டாவது. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. முதல் இரண்டு நிலைகளில் இருக்கும் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. கீழே சொல்லப்போகும் பழக்கங்களே போதும்.

சூடும் கோழியும்

'உடம்பு சூடாயிடுச்சு, அதான்' என்பது மூலத்துக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் முதல் காரணம். மருத்துவம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். முழுக்கச் சிரிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சித்திரை, வைகாசியில் மூலத் தொல்லை கூடுகிறது என்று பாட்டி சொன்னால் அவர் கண்டது உண்மையாகவே இருக்கலாம். வியர்வையில் போகும் தண்ணீரை நாம் குடித்து ஈடுகட்டுவதில்லை, உடல் பெருங்குடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, மலம் இறுகுகிறது, முக்குகிறோம். பாட்டியின் கவனிப்பு சரி, காரணம்தான் வேறு. அவர் கொடுக்கும் நீர்மோரும் நீராகாரமும் நல்ல வைத்தியமே.

கோழியின் கதையும் இதுதான். கோழிக்கறி மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தட்டைப் பாருங்கள்: பிரியாணி, வறுவல், ஒரு முட்டை, பெயருக்கு நாலு துண்டு வெங்காயம். பொரியல் இல்லை, கீரை இல்லை. கறியில் நார்ச்சத்து துளியும் கிடையாது. திங்கட்கிழமை காலை கழிப்பறையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழி கோழியின்மேல் விழுகிறது. தட்டில் இல்லாமல் போன அவரைக்காய்ப் பொரியலை யாரும் நினைப்பதில்லை. காரமும் அப்படித்தான், மூலத்தை வரவழைக்கும் சக்தி அதற்கு இல்லை, ஏற்கெனவே புண்ணோ வெடிப்போ இருப்பவருக்கு எரிச்சலைக் கூட்டும்.

முக்கும்போது நடப்பது

மூச்சை அடக்கி வயிற்றை அழுத்துகிறோம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. திண்டுகளிலிருந்து ரத்தம் மேலே திரும்பிப் போக வழியில்லாமல் தேங்குகிறது. வீங்கிய திண்டின்மேல் இறுகிய மலம் உரசிக்கொண்டு இறங்கும்போது அதையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. ஒருநாள் நடந்தால் ஒன்றுமில்லை. பத்து வருடம் தினமும் நடந்தால் இழைகள் தாங்காது.

முக்காவிட்டாலும் வெறுமனே உட்கார்ந்திருப்பது கெடுதல். மேற்கத்தியக் கழிப்பறையில் தொடைகளுக்குத்தான் ஆதாரம். நடுவில் இருப்பது ஓட்டை. ஆசனவாய்ப் பகுதி தொங்கலாக நிற்க, ரத்தம் அங்கே தங்குகிறது. முன்பு செய்தித்தாள் படித்தவர்கள் இப்போது கைப்பேசி பார்க்கிறார்கள். செய்தித்தாளுக்கு ஒரு கடைசிப் பக்கமாவது இருந்தது. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்த 125 பேரைக் கேட்டு, 2025-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழிப்பறைக்குள் கைப்பேசி கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. கைப்பேசி இல்லாமல் போகிறவர்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் சொற்பம். கைப்பேசியோடு போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். சிறிய ஆய்வுதான், கைப்பேசிதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் பைசா செலவில்லாத மாற்றம் என்பதால் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்: போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். வராததை வரவழைக்க வேண்டாம். வயிறு மறுபடி கூப்பிடும்.

உட்காரும் விதமும் முக்கியம். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார் முன்பக்கமாக இழுத்துப் பிடித்து, குடலை மடித்து வைத்திருக்கிறது. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தால் அந்த மடிப்பு பாதிதான் நிமிர்கிறது. குந்தி உட்கார்ந்தால் வார் தளர்ந்து வழி நேராகிறது. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறைதான் இருக்கிறது, முழங்கால் வலியால் குந்தவும் முடியாது என்றால், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலி ஒன்றைக் காலடியில் வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி சற்றே முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பிளாஸ்டிக் குளியல் மனையே போதும். இந்தியக் கழிப்பறை இருப்பவர்களுக்கு மூலமே வராது என்று சிலர் சொல்வார்கள். குந்தி உட்கார்ந்தும் அரை மணி நேரம் முக்கினால் பலன் ஒன்றுதான்.

அடக்கி வைப்பவர்கள்

காலையில் எழுந்ததும், அடுத்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக இயங்கத் தொடங்கும். சாப்பாடு இரைப்பையில் விழுந்தவுடன் குடலுக்குப் போகும் உத்தரவு அது. காபி அந்த உத்தரவை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறது. இந்த நேரத்தை விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி, அலுவலகம் போய்ச் சேர்ந்து, அங்கே 'கக்கூஸ் சரியில்லை' என்று மாலை வரை அடக்கினால், மலக்குடலில் தங்கிய மலத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். அடக்க அடக்க உணர்வும் மங்கும்.

ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் தயங்காத வேலையிடம் இன்னும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. லாரி ஓட்டுநர்களுக்கும், கழிப்பறை நாறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இவர்களுக்குப் பத்திய அட்டவணை கொடுப்பதைவிட, காலையில் அரை மணி முன்னதாக எழுந்து, ஒரு சொம்பு தண்ணீரோ காபியோ குடித்து, நிதானமாக உட்கார இடமும் நேரமும் ஏற்படுத்திக் கொடுப்பது பயன் தரும். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பெற்றோர் வேலை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும். நம் சாப்பாட்டில் அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம்தான். கம்பு, கேழ்வரகு இரண்டிலும் சுமார் 11. முழுப் பச்சைப்பயறில் 17, முழுக் கொண்டைக்கடலையில் 25. வெள்ளைக் கொய்யாவில் 8-க்கு மேல். அதாவது மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று 300 கிராம் அரிசி உள்ளே போனாலும் 9 கிராம் நார்கூடத் தேறாது. ஒரு கொய்யாப்பழமும், 50 கிராம் கடலையை வேகவைத்த ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும். நவராத்திரிக்கு மட்டும் சுண்டல் செய்வதை நிறுத்தி, வாரத்தில் நாலு நாள் செய்யலாம்.

வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரை, அவரை, முருங்கைக்கீரை, பப்பாளி எல்லாம் சேரும். சிறுதானியம் என்று பாக்கெட்டில் விற்கும் வெள்ளை வெளேர் சாமையையும் வரகையும் பார்த்து வாங்குங்கள்; அரிசி மாதிரி தீட்டினால் அதுவும் அரிசி மாதிரிதான். கேழ்வரகுக் கூழை ஜலித்துக் குடிப்பதும் வீண் வேலை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பிக் காற்று பிரிந்து, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் கூடவே கூட்ட வேண்டும். தண்ணீர் இல்லாத நார் மலத்தைப் பருமனாக்குமே தவிர இளக்காது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும் என்று அர்த்தம். இதயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறக்கூடாது.

மூலம் வந்தவர்களுக்கு நார்ச்சத்து கொடுத்துப் பார்த்த ஏழு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று வெளியானது. ரத்தக் கசிவும் தொல்லைகள் தொடர்வதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வரவிருப்பதைத் தடுக்க மட்டுமல்ல, வந்ததை அடக்கவும் நார் உதவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பலன் தெரிய ஆறு வாரம்வரை ஆகலாம்.

சாப்பாட்டில் முடியவில்லை என்றால் இசப்கோல் இருக்கிறது. ஒன்றிரண்டு தேக்கரண்டியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் உடனே குடிக்க வேண்டும்; மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் நல்லது. வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நிலாவரை வேறு வகை. 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் உலக மருந்துச் சந்தைக்கே போன நம் ஊர்ச் செடி, குடலைத் தூண்டி வேலை வாங்குவது. எப்போதாவது ஒருநாள் எடுத்தால் தவறில்லை. தினமும் அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால், மலச்சிக்கலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, அலுமினியம் கலந்த அமில நீக்கிகள், சில வலி நிவாரணிகள் ஆகியவை மலத்தை இறுக்கும். கர்ப்பிணிகளுக்கு இது இரட்டைச் சுமை: இரும்பு மாத்திரை ஒருபுறம், கடைசி மாதங்களில் கருப்பை அழுத்துவது மறுபுறம். மாத்திரையை நிறுத்தாமல் இசப்கோலோ லாக்டுலோஸோ சேர்த்துக்கொள்ளலாமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே குறைந்துவிடும்.

வந்துவிட்டால்

அகலமான டப்பில் இதமான வெந்நீர் ஊற்றி, அதில் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை. உப்போ மஞ்சளோ டெட்டாலோ வேண்டியதில்லை. சுருக்குத் தசையைத் தளரச் செய்வது சூடுதான். கழுவும்போது சோப்பு வேண்டாம், பீய்ச்சும் குழாயை முழு வேகத்தில் வைக்க வேண்டாம், துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மருந்துக்கடைக் களிம்புகள் எரிச்சலைத் தணிக்கும். ஸ்டீராய்டு கலந்ததை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் தோல் மெலிந்துவிடும். துத்தி இலையை வதக்கிக் கட்டுவதும் சாப்பிடுவதும் நம் ஊரில் நெடுநாள் வழக்கம். சாப்பிட்டால் கீரையாகவாவது உதவும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது அதையே நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதில்தான் ஆபத்து.

வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து கடும் வலி எடுத்தால் முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போங்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து கட்டியை எடுத்துவிட முடியும். அதற்குப் பிறகு வலி தானே இறங்கத் தொடங்கும் என்பதால் எடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

மலம் போகும்போது கிழிப்பது போன்ற வலியும், போன பிறகு மணிக்கணக்கில் எரிச்சலும் இருந்தால் அது பெரும்பாலும் மூலமல்ல, ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் அடிக்கடி கட்டி கிளம்பி, உடைந்து சீழ் வருகிறது என்றால் பௌத்திரம். அதற்குக் களிம்பு எதுவும் பயன்படாது.

ரத்தம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். 'மூலம்தானே' என்று விட்டுவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள் நிறைய. ரத்தம் கருஞ்சிவப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தால், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், போய் வந்த பிறகும் மீதம் இருப்பது போலவே இருந்தால், எடை குறைந்தால், ரத்தசோகை என்று பரிசோதனை சொன்னால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு முதல்முறை ரத்தம் வந்தால் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். (முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும்.)

நோட்டீஸ் டாக்டரும் நிஜ டாக்டரும்

ஊசி மருந்தால் மூலத்தைச் சுருக்குவது நிஜமான சிகிச்சைதான். எண்ணெயில் கரைத்த பீனாலை வலி தெரியாத பகுதியில் சரியான ஆழத்தில் செலுத்துவார்கள். அதே ஊசி பயிற்சி இல்லாதவர் கையில் இடம் தவறினால் புண்ணும் சீழ்க்கட்டியும் வரும். அரித்துத் தள்ளும் காரக் களிம்புகளைத் தடவி, ஆசனவாயே சுருங்கி, விரல்கூட நுழையாத நிலையில் பெரிய மருத்துவமனைக்கு வருகிறவர்களும் உண்டு. சுவரில் பட்டப்படிப்பு எழுதாத இடத்துக்குள் நுழையாதீர்கள்.

பழக்கங்களை மாற்றியும் அடங்காத இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலையில் பலருக்கும் ரப்பர் வளையம் போடுவது போதும். 1963-இல் பேரன் என்ற அமெரிக்க மருத்துவர் பரவலாக்கிய முறை இது. திண்டின் அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் அது காய்ந்து விழும். மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். விழும் நாளில் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை வந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வளையம் போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை கடைசி நிலைகளுக்கு. வலி சில வாரம் இருக்கும், பலன் நீடிக்கும். லேசர் என்ற விளம்பரத்தைப் பார்த்து முதல் நிலைக்காரர் கடன் வாங்கத் தேவையில்லை.

அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிகள் பகுதிக்குப் போனால் இதற்கெல்லாம் வழி உண்டு. மருத்துவர் விரல் விட்டுப் பார்ப்பார், சிறு குழல் வைத்து உள்ளே நோக்குவார். இரண்டும் சேர்ந்து சில நிமிடங்கள். பெண்கள் பெண் மருத்துவரையோ உடன் ஒரு செவிலியரையோ கேட்கலாம். ரத்தம் எத்தனை நாளாக வருகிறது, என்ன நிறம், மலத்தின்மேல் வருகிறதா கலந்து வருகிறதா, ஏதாவது வெளியே வருகிறதா, தானே உள்ளே போகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டிவிடலாம்.